அண்ணனின் ஈரல் ஸ்கேன்: வேலூரில் ஒரு காலை

அண்ணனின் ஈரல் ஸ்கேனுக்காகக் குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வேலூர் வந்தோம். 3 மணி நேர வெறும் வயிறு போதுமாம். முன்பே சொல்லாததால் சர்க்கரை நோயாளியான அவர் இரவெல்லாம் பட்டினி. அது பெருங்குறை.

ஆனால் அந்த மருத்துவர்! சீட்டின் பின்புறம் ஈரலை வரைந்தார். கொழுப்பேறி வீங்கிய செல்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப்-1 என்ற புரதம் சிதையாமல் தங்கிவிடுகிறது. அதன் தூண்டுதலில் நட்சத்திர வடிவச் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து தழும்பாக்குகின்றன. தழும்பு ரத்த ஓட்டத்தை இன்னும் நெருக்குகிறது என்று பொறுமையாக விளக்கினார். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்குத்தான் 2019 மருத்துவ நோபல் பரிசு.

விலா இடுக்கில் மெல்லிய தட்டல்கள், வலியே இல்லை. ஈரலின் விறைப்பைக் காட்டும் அளவு 9 கிலோபாஸ்கல். அந்தச் சீட்டை அண்ணன் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்.