போஸ்ட்கிரெஸ் 'மேக் செக்': புது மெஷினுக்கு மாற்றுபவர்களுக்கு ஒரு வரம்

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) என்ற டேட்டாபேஸைப் புது பிராசசருக்குக் கொண்டுபோகிறவர்கள், கம்பைல் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) ஆனதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். போஸ்ட்கிரெஸ் சோர்ஸோடு வரும், 'மேக் செக்' (make check) கட்டளையால் ஓடும் இந்தச் சோதனைத் தொகுப்பு தற்காலிக சர்வர் ஒன்றைத் தானே எழுப்பி, 200-க்கு மேற்பட்ட சோதனைகளை ஓட்டி, எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட்டு, மாறிய இடங்களை மட்டும் 'ரெக்ரெஷன்.டிஃப்ஸ்' (regression.diffs) கோப்பில் தருகிறது. அந்தக் கோப்புக்காகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன். (ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக ஓட்டாதீர்கள், சர்வர் கிளம்பவே கிளம்பாது.)

தோல்வி எல்லாமே பிழை அல்ல. வரிசை மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் லொகேல் (மொழிக்கேற்ற அகரவரிசை போன்ற அமைப்பு)தான் காரணம், 'நோ லொகேல்' (NO_LOCALE=1) அமைப்போடு மறுபடி ஓட்டிப் பாருங்கள். தசம எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் வேறென்றால் காரணம் மிதவைப்புள்ளிக் கணக்கு (கணினி தசம எண்களைத் தோராயமாகக் கையாளும் முறை).

எனக்கு வந்தது வேறு. ஒரே ஒரு சோதனை, விடையே தப்பு. இரண்டு நாள் என் மாற்றங்களையே சந்தேகப்பட்டுக் குடைந்துவிட்டு, அப்புறம் ஆப்டிமைசேஷனை (நிரல் வேகமாக ஓட கம்பைலர் செய்யும் மாற்றங்களை) முழுதாக அணைத்து மறுபடி கட்டினேன், எல்லாம் பாஸ். அதனால் மட்டும் கம்பைலர்மேல் பழி போட முடியாது, நம் சி நிரலில் வரையறுக்கப்படாத நடத்தை (என்ன நடக்கும் என்று சி மொழி விதி சொல்லாத நிரல்) இருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஆப்டிமைசேஷனை அணைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு சிறு ஃபங்ஷனின் அசெம்பிளியை (கம்பைலர் உருவாக்கிய பிராசசர் கட்டளைகளை) படித்தபோதுதான் கம்பைலர் ஒரு ஒப்பீட்டையே விழுங்கியிருந்தது தெரிந்தது.

குறை ஒன்று: சர்வர் நடுவில் கிராஷ் ஆனால் சம்பந்தமில்லாத சோதனைகளும் கூடவே விழும், அப்போது சர்வர் லாகை முதலில் திறங்கள்.