நாலு நாள் லீவு: தாராசுரமா, பெரிய கோயிலா, தரங்கம்பாடியா?

சனி, ஞாயிறோடு ஆயுதபூஜையும் விஜயதசமியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால் கும்பகோணத்தில் நிற்க இடமிருக்காது. மகாமகக் குளத்தைச் சுற்றி வெளியூர் வேன்கள், டிகிரி காபிக் கடைகளில் கூட்டம், லாட்ஜில் ரூம் கிடையாது. இந்தத் தடவை சென்னையிலிருந்து அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் முட்டிவலிக்கார அத்தை வேறு. டெல்டாவை விட்டு வெளியே போவதில்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. எங்கே என்பதில்தான் ஆளுக்கொரு இடம் சொல்கிறார்கள். எல்லா இடத்துக்கும் பலமுறை போய் வந்தவள் என்பதால், தராசில் வைத்துப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

அத்தை சொன்னது நவக்கிரகக் கோயில்கள். ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்கிறார். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், திருவெண்காடும் கீழப்பெரும்பள்ளமும் கிழக்கே கடலோரம், திருநள்ளாறு காரைக்கால் எல்லைக்குள். நடுவில் மதியம் நடை சாத்தும் நேரம் வேறு. சில வருடங்களுக்கு முன்னால் வேன் பிடித்துக் கிளம்பினோம். திருவெண்காட்டு வாசலுக்கு நாங்கள் போய் இறங்கவும் நடை சாத்தவும் சரியாக இருந்தது. நாலு மணி வரை வேனிலேயே வெந்தோம். நேர்ந்துகொண்டவர்கள் தாராளமாகப் போகட்டும். அவர்களுக்காகவே அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகப் பேருந்து விடுகிறது. லீவைக் கழிக்க வருகிற குடும்பத்துக்கு இது சரிவராது. ராகு தலமான திருநாகேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தையை ஒரு சாயங்காலம் அங்கே மட்டும் கூட்டிப்போனால் போதும்.

மாமா சொன்னது பெரிய கோயில். தஞ்சாவூர் நாற்பது கிலோமீட்டர்தான், ரயிலிலேயே போய்விடலாம். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், 216 அடி விமானம். அதன் முன்னால் நின்று பேச்சு வராமல் போனது எனக்கும் உண்டு. ஆனால் லீவு நாள் பத்து மணிக்குப் போனால் வரிசை நந்தியைத் தாண்டி நிற்கும், வெயிலில் கல்தரை உள்ளங்காலைப் பொசுக்கும். பெரிய கோயிலுக்கு விடியற்காலை போக வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் ஐந்துக்கு மேல். பிள்ளைகளிடம் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிழல் நன்றாகவே விழுகிறது, நின்று பார்க்கலாம். அதைவிடப் பெரிய ஆச்சரியம் கல்வெட்டுகளில் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட நானூறு கோயில் ஆடல் பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தி, யாருக்கு எந்த வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயரும் அவள் ஊரும் கல்லில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும்.

அதே அளவு பிரமிப்பு வேண்டும், கூட்டம் வேண்டாம் என்றால் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டினால் வந்துவிடும். ராஜேந்திரன் கட்டிய விமானம் அப்பா கட்டியதைவிட உயரத்தில் குறைவு, நெளிவில் அழகு. சண்டேசுரர் தலையில் சிவன் மாலையைச் சுற்றிவிடும் சிற்பம் ஒன்றுக்காகவே போகலாம். கோயிலைச் சுற்றிப் புல்வெளி இருப்பதால் பிள்ளைகள் ஓடி விளையாடலாம். சொந்த வண்டி இருந்தால் பெரிய கோயிலைவிட இதைத்தான் சொல்வேன். பேருந்தை நம்பிப் போகிறவர்களுக்குத் தஞ்சாவூர்தான் வசதி.

இனி என்னுடைய கட்சி: தாராசுரம். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். பெரிய கோயிலுக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் கொடுத்த யுனெஸ்கோ அந்தஸ்து 2004-லிருந்து இதற்கும் உண்டு. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் பாதிப்பேர் தஞ்சாவூர் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. உள்ளே போகிறவர்கள் குதிரை பூட்டிய கல்தேர் மண்டபத்தைப் படம் எடுப்பார்கள். கம்பிக்குப் பின்னால் இருக்கும், தட்டினால் ஸ்வரம் எழுப்பும் கல்படிகளைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது வேறு. ஐராவதேசுவரர் கருவறையின் வெளிச்சுவரை ஒட்டிக் குனிந்து நடங்கள். சாண் உயரத்துக்கு வரிசையாக நாயன்மார் கதைகள் வரும். ஒன்றில் குளம், முதலை, அதன் வாயிலிருந்து மீண்டுவரும் பிள்ளை. அவிநாசியில் சுந்தரர் பாடி மீட்ட கதை. பெரியபுராணம் பாடப்பட்டது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; இந்தக் கோயில் அவன் மகன் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. பாட்டின் சூடு ஆறுவதற்குள் சிற்பி உளியை எடுத்துவிட்டான். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் சிற்பமும் இருக்கிறது. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அக்காவின் சின்னவன் போன வருடம் இதன் முன்னாலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மட்டும் யோசிக்க வேண்டும். முன்பக்கம் பள்ளம், நந்தியைச் சுற்றித் தண்ணீர் தேங்கிவிடும்.

தாராசுரத்தோடு சுவாமிமலையையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்த நாள் நிறையும். முருகன் கோயிலின் அறுபது படிகள் அறுபது தமிழ் வருடங்களுக்கு. அத்தையால் ஏற முடியாது, கீழேயே இருக்கட்டும். அங்கே நான் பிள்ளைகளைக் கூட்டிப்போவது ஸ்தபதிகளின் பட்டறைக்கு. முதலில் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து மடிப்புக் குறிகளாலேயே முகம், கழுத்து, மார்பு என்று அளவு எடுப்பார்கள். ஸ்கேல் கிடையாது. அப்புறம் மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மாவு போலக் குழைத்துப் பூசுவார்கள். நகத்தின் கோடுகூட அந்த மண்ணில் பதியும். காய்ந்ததும் சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். நம் ஆற்று மண்ணுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது சென்னையில் வளரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் கவனம். ஆயுதபூஜை அன்று உளியும் சுத்தியும் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருக்கும், வேலை நடக்காது. சனிக்கிழமையே, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பிள்ளைகள் கேட்பது கடல். அதற்குத் தரங்கம்பாடிதான். மாயவரம் வழியாகப் போகவர நாலு மணி நேரத்துக்குமேல் வண்டியிலேயே போய்விடும், அது ஒன்றுதான் குறை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்க் எழுப்பிய தேவாலயம், அலை அரித்துத் தின்றதுபோக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. கரையில் பாறைகள் கொட்டியிருப்பதால் குளியல் வேண்டாம். காற்றும் அலையும் போதும். பூம்புகாரா, இதுவா என்று கேட்டால் தரங்கம்பாடியைத்தான் சொல்வேன். பூம்புகாரில் பார்க்க வேண்டிய பழைய ஊர் கடலுக்குள் போய்விட்டது.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தாராசுரமும் சுவாமிமலையும், சந்தேகமே இல்லை. செலவு ஆட்டோவுக்கு மட்டும், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம், முட்டிவலிக்காரரும் கூட வரலாம். இரண்டாவது நாள் கிடைத்தால் பெரிய கோயில், அதுவும் சாயங்காலம். தரங்கம்பாடி மூன்றாவது.

எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாராசுரம். ஞாயிறு மூன்று மணி ரயிலில் தஞ்சாவூர், இருட்டிய பின் விமானத்தில் விளக்கு போடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. திங்கள் பூஜைக்கு வீட்டில், சாயங்காலம் அத்தையோடு திருநாகேஸ்வரம். செவ்வாய் மழை விட்டால் கடல். அத்தைக்காக மடக்கு நாற்காலி ஒன்றைத் துடைத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன்.