வினைல் பலகையோடு வெள்ளை ஸ்பொஞ்சும் தந்தால் வாங்கிவிடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் வீடு திருத்துகிறவர்கள் கவனத்துக்கு.

அம்மாவின் அறைச் சீமெந்து நிலம் வெடித்துப் போயிருந்தது. மாபிள் வழுக்கும் என்று அவருக்குப் பயம். அதனால் நிலத்துக்குப் போடுகிற, ஒன்றோடொன்று கொழுவிப் பூட்டுகிற வினைல் (பிளாஸ்டிக்) பலகை பார்க்க டவுனில் ஒரு கடைக்குப் போனேன். மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு, பின்னேர வெயில் முழுக்க உள்ளே விழும் என்று முதலே சொன்னேன். கடைக்காரர் பெட்டியில் இருந்த நிலத்தடி ஹீட்டிங் சின்னத்தைக் காட்டினார். "லண்டனில ஹீட்டருக்கு மேலயே போடுறாங்கள் தம்பி, எங்கட வெயில் என்ன செய்யும்?" சரி, நியாயம்தானே என்று நினைத்தேன். கையோடு, பலகைக்கு அடியில் விரிக்கிற 3 மில்லிமீற்றர் வெள்ளை ஸ்பொஞ்ச் அண்டர்லே ஒன்றையும் தலையில் கட்டினார்.

மாசியில் போட்டது. வைகாசிக்குள் அலுமாரியடியில் நடந்தால் நிலம் அமுங்கி 'டிக், டிக்' என்றது. பிறகு பொருத்துகளில் நகம் நுழையும் அளவுக்கு நீக்கல். கதவடியில் பலகைகள் கூடாரம் போல எழும்பின.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு லண்டனில் இருந்து வந்த அண்ணா ஒரு பலகையைக் கழற்றித் திருப்பினார். அடியில் 1 மில்லிமீற்றர் கறுப்புப் பஞ்சு ஒட்டியே வந்திருக்கிறது. "இதில ஏற்கெனவே இருக்கடா. உந்த ஸ்பொஞ்ச் லாமினேற்றுக்குப் போடுறது."

லாமினேற் தடித்த, விறைப்பான பலகை. கீழே கொஞ்சம் அமுங்கினாலும் தாங்கும். மெல்லிய வினைலின் பூட்டோ ஒவ்வொரு மிதிக்கும் வளைந்து வளைந்து கடைசியில் முறிந்துவிடும். அண்ணா வீட்டில் ஹீட்டிங்குக்கு மேல் போட்டிருப்பது 1.5 மில்லிமீற்றர் அண்டர்லே, விரலால் அமத்தினாலும் நசியாது. சூடும் தடைப்படாமல் மேலே வரவேண்டும், பூட்டும் அசையக்கூடாது. அந்தச் சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு: நிலத்தின் மேற்பரப்பு பொதுவாக 27 பாகை செல்சியசைத் தாண்டக்கூடாது. எங்கள் கதவடியில் பின்னேரம் 3 மணிக்கு வெறுங்காலோடு நிற்கவே முடியாது! போதாததற்கு, பலகை போடக் கடை அனுப்பிய பாஸ் சுவரோரம் விரிவுக்கு இடைவெளி விடாமல் இறுக்கி அடித்திருந்தார்.

காசு கட்டமுதல் கடையிலேயே ஒரு பலகையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியிருந்தால், பெட்டிக்குள் இருக்கும் தாளில் கேட்டிருந்தாலொழிய இன்னொன்று போடவேண்டாம். வெயில் விழும் இடம் என்றால் அதே தாளில் வெப்ப அளவையும் தேடுங்கள்.

பில்லோடு கடைக்குப் போனேன். ஸ்பொஞ்ச் என்றுகூட அதில் எழுதவில்லை, 'உதிரி' என்றிருந்தது. "அந்தச் சின்னம் ஹீட்டருக்குத் தம்பி, வெயிலுக்கு இல்லை" என்றார், அதே மனிதர்.

எழும்பிய பலகைக்கு மேல் அம்மா இப்போது அம்மிக் குழவியை வைத்திருக்கிறார்.