பெண் மேலாளர்களுக்கான தலைமைப் பயிற்சி: கோவை, திருப்பூரில் பணம் கட்டும் முன்

கோவை, திருப்பூர் கம்பெனிகள் தங்கள் பெண் மேலாளர்களுக்கு ஏற்பாடு செய்யும் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஹோட்டல் அரங்கில் இரண்டு நாள் வகுப்பு. இல்லையென்றால் பதினைந்து நாளுக்கொரு அமர்வாக ஆறு மாதம். முதல் வகைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அதில் தன்னம்பிக்கை, மேடைப்பேச்சு, உடல்மொழி என்றே பாதி நேரம் போய்விடுகிறது. பின்னலாடைக் கம்பெனியில் பதினைந்து ஸ்டைல் (ஆடை வடிவமைப்பு) ஒன்றாக ஓடும்போது, ஆர்டர் கொடுக்கும் பையரிடம் பேசி ஷிப்மென்ட் தேதியைத் தள்ளி வாங்குகிற மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைக் கவனிக்கும் பிரிவு) மேலாளருக்கா தன்னம்பிக்கை குறைவு? அவர் ஜி.எம். (பொது மேலாளர்) ஆகாததற்குக் காரணம், லாப நட்டக் கணக்கு அவர் கைக்கே வராததுதான். தரம், மனிதவளம், மெர்ச்சண்டைசிங் பெண்களிடம். நூல் கொள்முதல், உற்பத்தி, வங்கி ஆண்களிடம். மேல் பொறுப்புக்கு ஆள் தேடும் முதலாளியின் கண் கணக்குப் பார்த்தவர்கள் மேலேதான் விழும்.

ஆறு மாதப் பயிற்சியில் கொடுத்த காசுக்குப் பலன் தருவது காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் அமர்வு. ஒரு டீ-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்று வைப்போம். நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயமேற்றல்) சேர்த்து 5 விழுக்காடு எடை இழப்பு என்று காஸ்டிங் ஷீட்டில் போட்டால் நூல் 210.5 கிராம். நடந்தது 8 விழுக்காடு என்றால் 217.4 கிராம். ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் ஏறக்குறைய 690 கிலோ நூல் கூடுதல். இந்தக் கணக்கோடு, எந்த டையிங் யூனிட்டில் போனது, அடுத்த ஆர்டருக்கு என்ன விலை கேட்பது என்பதையும் முதலாளி முன்னால் வைக்கப் பழக வேண்டும். கற்பனைக் கணக்கில் பழகினால் பிடிபடாது. ஓடும் ஆர்டரை வெளியே காட்டக் கம்பெனியும் சம்மதிக்காது. ஆகவே சொந்தக் கம்பெனியில் முடிந்துபோன ஆர்டரையே எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது முதலாளியின் பங்கு. பயிற்சியாளர் அறிவுரை சொல்லலாம்; பதவி உயர்வு பேசும் இடத்தில் பயிற்சி பெறும் மேலாளரின் பெயரை எடுத்துச் சொல்ல உள்ளேயே ஒருவர் வேண்டும். குடும்ப நிறுவனங்களில் அந்தப் பேச்சு ஷிஃப்ட் முடிந்த பிறகு முதலாளி அறையிலோ, உறவினர் வீட்டு விசேஷத்திலோ முடிந்துவிடும். அதனால் முதலாளியோ மகனோ தொடக்கத்தில், மூன்றாம் மாதத்தில், கடைசியில் என மூன்று முறை உட்கார்ந்தே ஆக வேண்டும். அவர்கள் வராத இடத்தில் பயிற்சி முடித்தவருக்கு மகளிர் தின விழாப் பொறுப்பு கிடைக்கும், பர்சேஸ் (கொள்முதல்) கிடைக்காது.

2013 கம்பெனிச் சட்டம் பெண் இயக்குநர் வேண்டும் என்று சொல்வதைச் சில பயிற்சியாளர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். அது பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்கும், செலுத்திய மூலதனம் 100 கோடி அல்லது விற்றுமுதல் 300 கோடி எட்டிய பப்ளிக் கம்பெனிகளுக்கும்தான். இங்கே நிறைய இருக்கும் பிரைவேட் லிமிடெட், பங்குதாரர் நிறுவனங்களை அது தொடாது.

கட்டணத்தை மூன்று தவணையாகப் பேசுங்கள். லாப நட்டத்துக்குப் பதில் சொல்லும் ஒரு யூனிட்டோ ஒரு பையர் கணக்கோ பயிற்சி பெற்ற மேலாளர் பெயருக்கு எழுத்தில் மாறிய பிறகு மூன்றாவதைக் கொடுங்கள்.