ஒரே டாக்டர், நான்கு நாடு

ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞன் அறுவை சிகிச்சைப் பிரிவில் டாக்டராகச் சேர வருகிறான். மருத்துவத்தில் புலி, மனிதர்களோடு பேசத்தான் வராது. அவனை எடுப்பதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் அடித்துக்கொள்கிறது. 2013இல் கொரியாவின் கேபிஎஸ் சேனலில் வந்த ‘குட் டாக்டர்’ கதை இவ்வளவுதான். இதையே அமெரிக்கா 2017இலும் ஜப்பான் 2018இலும் துருக்கி 2019இலும் எடுக்க ஆரம்பித்தன. கொரியாவில் 20 எபிசோடு, ஜப்பானில் 10, துருக்கியில் 64, அமெரிக்காவில் 126.

‘கோலங்கள்’ 1500ஐத் தாண்டி ஓடியதைப் பார்த்த நமக்கு 126 எல்லாம் ஒரு கணக்கா என்று தோன்றும். சரி, ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அமெரிக்க எபிசோடு விளம்பரம் போக 42 நிமிடம் சொச்சம். எல்லாம் சேர்த்தாலும் சுமார் 90 மணி நேரம்தான். துருக்கியில் ஒரு எபிசோடே இரண்டு மணி நேரம் போகும். 64ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

அங்கே சேனல்கள் ஒரு தொடரை வைத்தே முழு ராத்திரியையும் ஓட்டுகின்றன. எட்டு மணிவாக்கில் போன வாரச் சுருக்கத்தில் தொடங்கி, விளம்பரங்களோடு நள்ளிரவை நெருங்கும்வரை அதுதான். வாரம் ஒரு முழுநீளப் படம் எடுக்கிற மாதிரி. அவ்வளவு கதைக்கு எங்கே போவது? அதனால் பார்வையிலும் இசையிலும் இழுக்கிறார்கள். துருக்கிப் பதிப்பான ‘முஜிஸே டாக்டர்’ தொடரில் தலைமை சர்ஜன் ஃபெர்மானும் நிர்வாகி பெலிஸும் காரிடாரில் எதிரெதிரே நிற்பார்கள். வயலின் ஏறும். கேமரா இவர் முகம், அவர் முகம், மறுபடி இவர் முகம். நான் எழுந்து போய்க் காபி போட்டு எடுத்து வந்தேன். ஃபெர்மான் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த நீளத்தால்தான் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் காதல், குடும்பம், பழைய காயம் என்று ஆளுக்கொரு கதை கிடைக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கும்போது துருக்கித் தொடர்களின் எபிசோடை இரண்டு மூன்று துண்டாக வெட்டித் தருவது அங்கே சர்வசாதாரணம்.

அமெரிக்கத் தொடருக்குச் சிக்கலே வேறு. அடுத்த வருடம் உண்டா இல்லையா என்று சேனல் சொல்லும்வரை எழுதுபவர்களுக்கே தெரியாது. முடிவு தெரியாத கதையை எப்படி நகர்த்துவது? வாரத்துக்கு இரண்டு மூன்று நோயாளிகள். அவர்கள் கதை பெரும்பாலும் அந்த 42 நிமிடத்துக்குள் முடியும். கொரியாவிலும் ஜப்பானிலும் நாயகன் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்க, இங்கே எல்லா வயதினரும் வருகிறார்கள். நாயகன் ஷான் மட்டும் மெதுவாக, ஏழு சீசன் முழுக்க மாறிக்கொண்டே வந்து கல்யாணம் செய்கிறான், அப்பா ஆகிறான். அவன் ‘ஐ ஆம் எ சர்ஜன்’ என்று திரும்பத் திரும்பக் கத்தும் காட்சியை மீமில் பார்த்திருப்பீர்கள். எதிரே நிற்கும் டாக்டர் ஹானாக நடித்த டேனியல் டே கிம்தான் இந்தக் கதையைக் கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர்களில் ஒருவர்.

ஜப்பான் பதிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு செட் தொடர்கள். ஜூலையில் தொடங்கினால் செப்டம்பரில் மூட்டை கட்ட வேண்டும், அக்டோபரில் அடுத்த செட். அதனால் காதலைக் கிட்டத்தட்ட கழற்றிவிட்டுக் குழந்தைகளையும் டாக்டர்களையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். கச்சிதம்தான். ஆனால் அழுகையே வருவதற்குள் அடுத்த நோயாளி வந்துவிடுகிறார்.

அப்புறம் கொரியா. திங்கள், செவ்வாய் என வாரம் இரண்டு ராத்திரி, பத்து வாரம்; கதை எங்கே முடியும் என்ற கணக்கு முதல் நாளே உண்டு. அந்த நிச்சயம் நடிப்பிலும் தெரிகிறது. நாயகனாக நடித்த ஜூ வொன் தோளைக் குறுக்கி, விரல்களைப் பிசைந்துகொண்டு, எதிரே இருப்பவரின் கண்ணைத் தவிர்த்தபடி நிற்பார். கடைசி வாரங்களில் அதே உடம்பு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். இருபது எபிசோடுக்குள் பார்ப்பதால் அந்த மாற்றம் நம் கண்ணில் படுகிறது. ஏழு வருடம் என்றால் படாது. குறை இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியைக் கைப்பற்றும் நிர்வாகச் சதி நடுவில் சலிப்பூட்டும். நாயகனைப் பத்து வயதுப் பிள்ளையாகவே நடத்துவது இன்று பார்க்க உறுத்தும். அந்த விஷயத்தில் ஷானைக் கோபப்படவும் தப்புச் செய்யவும் விட்ட அமெரிக்கப் பதிப்பே மேல்.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் கொரியாவுடையதைப் பாருங்கள். வீட்டில் துணி மடிக்க நிறைய இருந்தால், துருக்கி.