கனடா வொர்க் பெர்மிட்டும் என் பெயரில் போன ஒரு பொய் லெட்டரும்

கனடா வொர்க் பெர்மிட்டுக்கு ஃபைல் போட ஏஜென்சி வாசலில் நிற்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். 2029 பிப்ரவரி வரைக்கும் அந்த நாட்டுப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்க முடியாது. வேலை நிஜம், கம்பெனி நிஜம், எனக்குத் தெரிந்த தொழிலும் நிஜம். ஃபைலில் இருந்த ஒரு தாள் மட்டும் போலி. அதை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

நான் வெல்டர். ஐடிஐயில் ஒரு வருட வெல்டர் டிரேடு முடித்துவிட்டு 2016 ஜூனில் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சேர்ந்தேன். பாய்லர் ஆலையை நம்பி அங்கே எத்தனை பட்டறைகள் இருக்கின்றன என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைப்பை 45 டிகிரி சாய்த்துப் பொருத்தி, அதைத் திருப்பாமல் நாமே சுற்றி வந்து அடிக்கிற 6ஜி டெஸ்ட்டில் முதல் தடவையே பாஸானவன். (கொஞ்சம் பெருமைதான், இருக்கட்டும்.) 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பட்டறையை மூடியதும் லால்குடிப் பக்கம் அப்பாவின் வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். முதலாளி திரும்பக் கூப்பிட்டது 2021 நவம்பரில். இந்த இருபது மாத இடைவெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஐயில் என்னோடு படித்தவன் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு பட்டறையில் இருக்கிறான். 2023ல் அவன் முதலாளிக்கு இன்னொரு வெல்டர் தேவைப்பட்டது. வீடியோ காலில் பேசினார்கள், நான் அடித்த ஜாயின்ட்டுகளின் போட்டோ கேட்டார்கள், பிடித்துவிட்டது. எல்எம்ஐஏ அனுமதியும் அவர்களே வாங்கினார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசு தரும் தாள் அது. அதற்கான 1,000 கனடா டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. என்னிடமும் கேட்கவில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் என் பங்குக் காகிதங்களைச் சேர்த்து ஆன்லைனில் போடுவதுதான்.

இங்கிலீஷ் பயத்தில் திருச்சியில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன். ஏசி ரூம், சுவரில் மேப்பிள் இலைக் கொடி. டாக்குமென்டேஷன் சார்ஜ் என்று 85,000 ரூபாய் பேசி, 40,000 முன்பணம் கட்டினேன். கனடா அரசுக்குப் போவது வொர்க் பெர்மிட்டுக்கு 155 டாலர், கைரேகைக்கு 85 டாலர். இரண்டும் சேர்த்து அன்றைய மதிப்பில் பதினைந்தாயிரம் ரூபாய்கூட வராது. இதை நான் தெரிந்துகொண்டது பிறகுதான்.

அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். முதலாளியிடம் போய் நின்றேன். கிரைண்டர் சத்தத்துக்கு நடுவில் மேஜையை இழுத்துப் போட்டு, விரலை நாக்கில் தொட்டு, லெட்டர்பேடில் ஒரு தாளைக் கிழித்தார். ஜிஎஸ்டி நம்பர், பட்டறை விலாசம், அவர் செல் நம்பர் எல்லாம் அச்சடித்த தாள். பால்பாயின்ட் பேனாவால் தமிழில் எழுதினார்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நடுவில் எத்தனை மாதம் இல்லை, ஆர்க் வெல்டிங்கும் ஆர்கான் வெல்டிங்கும் அடிப்பான், வாரம் 48 மணி நேரம், சம்பளம் 22,000. ஊதா மை ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை அழுத்தினார், முதல் தடவை சரியாக விழவில்லை. "நாளைக்கு எவனாவது போன் பண்ணிக் கேட்டா, இதுல என்ன எழுதியிருக்கோ அதைத்தான்ப்பா சொல்லுவேன்" என்றார்.

கன்சல்டன்சிக்காரர் அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் செல்லாது தம்பி. கையால எழுதுனதை அங்க திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. நாங்க டைப் பண்ணிக்கிறோம்."

டைப் என்றால் மொழிபெயர்த்து அடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பம் போடுகிற ஆன்லைன் அக்கவுன்ட்டை யார் ஈமெயிலில் திறக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் "அது டெக்னிக்கல் தம்பி" என்று ஒரு பதில் வைத்திருந்தார். சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்தேன், மெடிக்கல் முடித்தேன், காத்திருந்தேன்.

2024 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. கீழே பாதி வெட்டப்பட்டிருந்தது. "சாரி தம்பி, ரிஜெக்ட். டைம் சரியில்ல. ஆறு மாசம் கழிச்சு திரும்பப் போடலாம், பாதி ஃபீஸ் போதும்." முழு லெட்டரைக் கேட்டேன், அன்றிலிருந்து போன் எடுக்கவில்லை.

நண்பன்தான் வழி சொன்னான். விசா அதிகாரி எழுதி வைக்கும் குறிப்புகளை, ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்பார்கள், கனடாவில் இருக்கும் ஒருவர் நம் சம்மதக் கையெழுத்தை வைத்து 5 டாலர் கட்டி வாங்கலாம். வாங்கினான். படித்துவிட்டு ராத்திரி போன் செய்தான். அவன் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, நீ எப்படா சூப்பர்வைசர் ஆன?"

என் முதலாளியின் பட்டறைப் பெயரில் கம்ப்யூட்டரில் ஒரு லெட்டர்ஹெட் செய்திருக்கிறார்கள். 2016லிருந்து இடைவெளியே இல்லாமல் ஏழு வருடம் நான் 'வெல்டிங் சூப்பர்வைசர்'. சம்பளம் 48,000. நான் கொடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட்டில் மாதாமாதம் விழுந்தது 22,000. ஒரே ஃபைலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எந்த அதிகாரிக்குத்தான் கண் உறுத்தாது? லெட்டர்ஹெட்டில் இருந்த நம்பருக்கு விசா ஆபீஸிலிருந்து போன் போயிருக்கிறது. எடுத்த பெண் வழக்கப்படி வணக்கம் சொல்லி கன்சல்டன்சியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். இதையும் அப்படியே குறித்து வைத்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. அதற்கப்புறம் பட்டறையின் உண்மையான நம்பரைத் தேடிப் பிடித்து முதலாளியிடமே கேட்டிருக்கிறார்கள்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "ஆமாப்பா, ஒரு நாள் காலையில ஒரு பொண்ணு பேசுச்சு, தமிழ்லயே கேட்டுச்சு. எழுதிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். தப்பா?" என்றார். இல்லண்ணே என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணாடிக்குப் பின்னால் முகம் யாருக்கும் தெரியாது, அது ஒரு வசதி.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. நிராகரிப்பதற்கு முன்னால் உங்கள் தரப்பைச் சொல்லுங்கள் என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார்கள், புரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர். எனக்கும் வந்திருக்கிறது, பத்து நாள் அவகாசத்தோடு. வந்தது கன்சல்டன்சி ஈமெயிலுக்கு. அவர்கள் என்னிடம் மூச்சு விடவில்லை. பதில் போகாததால் முடிவு எழுதிவிட்டார்கள். குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, தவறான தகவல் கொடுத்தல், ஐந்து வருடத் தடை. அந்த வெட்டப்பட்ட பாதிப் பக்கத்தில் இருந்தது இதுதான். இனி வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் 'எங்காவது விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்விக்கு நான் ஆமாம் போட வேண்டும்.

நான் பொய் சொல்லவில்லையே, ஏஜென்ட் செய்தது என்று சொல்லலாமா என்றால், அங்கேதான் இடிக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் உங்களுக்காகக் கனடா ஃபைல் போட வேண்டுமென்றால் அவர் அங்கே உரிமம் உள்ள வக்கீலாகவோ, கியூபெக் மாகாண நோட்டரியாகவோ, 'காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்' என்ற அமைப்பின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர் பட்டியல் அவர்கள் தளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, பெயரைப் போட்டுத் தேட இரண்டு நிமிடம். அப்படிப்பட்டவர் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் போட்டுக் கையெழுத்திடுவார். என் ஃபைலில் அந்தப் படிவமே இல்லை. காகிதத்தின்படி எல்லாம் நானே தயாரித்து நானே போட்டது. கன்சல்டன்சி என்று ஒன்று அந்த ஃபைலில் எங்குமே கிடையாது, அந்தப் போன் நம்பரைத் தவிர.

இத்தனைக்கும் முதலாளி கையால் எழுதிய தாளே போதுமானதாக இருந்திருக்கும். இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ இல்லாத எந்தக் காகிதத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட், மூலத்தின் நகல், இவ்வளவுதான் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் நம் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அனுபவ லெட்டரில் அவர்கள் தேடுவது பதவி, தேதிகள், செய்த வேலை, வார மணி நேரம், சம்பளம், கையெழுத்துப் போட்டவரைத் தொடர்புகொள்ள வழி. என் முதலாளி யாரும் சொல்லித் தராமலே எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அந்த இருபது மாதத்துக்கு அப்பாவோடு வாழை விவசாயம் என்று உள்ளதை எழுதியிருந்தால் போதும். இடைவெளி ஒரு குற்றமே இல்லை. அதை மறைத்ததுதான் குற்றமாகிவிட்டது.

கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு போலீஸ் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் இருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. முன்பணத்துக்குக் கன்சல்டன்சி கொடுத்த ரசீதில் 'ஃபைல் பிராசஸிங்' என்று மட்டும் எழுதியிருப்பதால், பிராசஸ் பண்ணிவிட்டோமே என்கிறார்கள். சஸ்காட்செவன் பட்டறை வேறு ஆளை எடுத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஏற்கெனவே எங்காவது ஃபைல் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்றைக்கே போய் மூன்றைக் கேளுங்கள்: அக்கவுன்ட்டின் லாகின், அப்லோட் செய்த ஒவ்வொரு காகிதத்தின் பிடிஎஃப், 5476 படிவத்தின் நகல். "டெக்னிக்கல் தம்பி" என்றால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். வந்த காகிதத்தில் தப்பு இருந்தால், முடிவு வருவதற்கு முன்னால் கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியின் தளத்தில் இருக்கும் வெப்ஃபார்ம் வழியாக நீங்களே நேரடியாக எழுதித் திருத்தம் அனுப்பலாம். விண்ணப்ப எண் தெரிந்தால் போதும். கைரேகைக்குக் கூப்பிட்டு வந்த லெட்டரிலேயே அந்த எண் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.