பந்துவீச்சாளரும் மட்டையாளரும் நேருக்கு நேர்: எட்டு வார சாஃப்ட்பால் பயிற்சி வகுப்பைப் பற்றி

என் மகள்கள் இருவரும் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, பந்தைக் கீழிருந்து சுழற்றி வீசும் ஆட்டம்) ஆடுகிறார்கள். மூத்தவளுக்கு 13 வயது, பந்து வீசுகிறாள். இளையவளுக்கு 11 வயது, மட்டை பிடிப்பதில்தான் ஆர்வம். ஓர் உள்ளரங்கப் பயிற்சிக்கூடம் வாரத்துக்கு ஒருமுறை, 90 நிமிடம் வீதம் எட்டு வாரங்கள் நடத்திய ‘லைவ் பேட்டிங்’ வகுப்பில் இருவரையும் சேர்த்திருந்தேன். இயந்திரமோ பயிற்சியாளரோ போடும் பந்தை அடிக்காமல், தங்கள் வயதையொத்த பந்துவீச்சாளர் முழு வேகத்தில், அவுட் ஆக்கும் எண்ணத்தோடு வீசும் பந்தை எதிர்கொள்வதுதான் இந்தப் பயிற்சி. ஒரே வீட்டிலிருந்து ஒருத்தி பந்துவீச்சாளரின் வட்டத்துக்குள்ளும் இன்னொருத்தி மட்டையோடும் நின்றதால், வகுப்பை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க எனக்கு வாய்த்தது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பயன் பெறவில்லை என்பதே என் மதிப்பீடு.

முதலில் மட்டையாளர்களின் பக்கம். இந்த வகுப்புக்கு முன் இளையவள் ஓராண்டுக் காலம் பந்து வீசும் இயந்திரத்தின் முன்தான் பழகியிருந்தாள். அதில் அவள் அடிக்காத பந்து இல்லை. போட்டிக்குப் போனால் மட்டை எப்போதும் தாமதமாகவே சுழலும். காரணம் அவளுடைய கையில் இல்லை, கண்ணில் இருந்தது. இயந்திரத்தின் துவாரத்திலிருந்து பந்து ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், முன்னறிவிப்பு ஏதுமின்றி வெளிவருகிறது. சாஃப்ட்பால் பந்துவீச்சாளரோ கையை முழு வட்டமாகச் சுழற்றி, ஒரு காலை முன்னே நீட்டிப் பாய்ந்து, இடுப்பருகே பந்தை விடுகிறார். அந்தக் கை மேலேறும்போது எடையைப் பின்காலுக்கு மாற்றி, கீழிறங்கும்போது முன்காலை எடுத்து வைத்து, இடுப்பருகே மணிக்கட்டு சொடுக்கும் இடத்தில் கண்ணை நிறுத்துவதுதான் மட்டையாளரின் தாளம். 12 வயதுக்குட்பட்டோருக்குப் பந்து வீசும் தூரம் வழக்கமாக 40 அடி. பாய்ச்சலில் அதில் ஆறேழு அடி குறைந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மிச்சத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட எடுக்காது. அந்த அவகாசத்தில் பந்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலாது. பந்து வருமுன்னே உடலைப் படித்திருக்க வேண்டும்.

இதற்குப் பலரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. 2004-ஆம் ஆண்டு, ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இடம்பெற்ற ஜென்னி ஃபின்ச், ஒரு காட்சி ஆட்டத்தில் ஆல்பர்ட் பூஜோல்ஸ், மைக் பியாஸா போன்ற முன்னணி பேஸ்பால் மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அதைவிட வேகமான பந்துகளைத் தினமும் அடித்துப் பழகியவர்கள் அவர்கள். ஆயினும் தோளுக்கு மேலிருந்து வரும் பந்தைப் படிக்கத் தெரிந்த கண்களுக்கு இடுப்பிலிருந்து புறப்படும் பந்து அந்நியமாக இருந்தது. உலகின் தலைசிறந்த மட்டையாளர்களுக்கே அந்த நிலை என்றால், இயந்திரத்தை மட்டும் பார்த்து வளர்ந்த 11 வயதுச் சிறுமியைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

வகுப்பு நடக்கும் முறையில் நான் மிகவும் மெச்சியது, ஒவ்வொரு முறையும் ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற கணக்கிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கியதுதான். (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் விடப்பட்ட பந்தோ, அடிக்க முயன்று தவறிய பந்தோ ஸ்ட்ரைக்; மூன்றானால் மட்டையாளர் வெளியேற வேண்டும். எல்லைக்கு வெளியே போய், அவர் அடிக்காமல் விட்ட பந்து பால்.) பார்ப்பதற்குச் சிறிய ஏற்பாடு, விளைவோ பெரியது. கணக்கில்லாமல் பந்து போட்டால் குழந்தைகள் வருவதையெல்லாம் அடிக்கப் பாய்வார்கள், அல்லது பிடித்த பந்து வரும்வரை சும்மா நிற்பார்கள். ஒன்றுக்கொன்று என்ற கணக்கில் அடுத்த பந்து இருவருக்கும் முக்கியமாகிவிடுகிறது, நேரமும் வீணாவதில்லை. மட்டையாளருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளர் ஸ்ட்ரைக்கா பாலா என்பதை உரக்கச் சொன்னார், ஐயத்துக்கிடமான பந்துகளில் மட்டையாளரிடம் முதலில் கருத்துக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மூன்றாம் வாரத்தில் இளையவள் வெளியே போன ஒரு பந்தை விட்டுவிட்டுத் தானாகவே “பால்” என்றாள். அவள் அதுவரை அடித்த எந்த நல்ல அடியையும்விட எனக்கு அதுதான் மகிழ்ச்சி தந்தது. எட்டாம் வாரத்தில் அவள் எல்லாப் பந்தையும் அடிக்கவில்லை, ஆனால் தாமதமாக அடிக்கவில்லை. அவள் தவறவிட்டவற்றில் பெரும்பாலானவை சேஞ்ச்-அப் எனப்படும் மெதுவான ஏமாற்றுப் பந்துகள்; அதே கைவேகத்தில் அது வரும்போது ஏமாறாதவர்கள் பெரியவர்களிலேயே குறைவு.

இனி வட்டத்துக்குள் நின்றவர்கள். மூத்தவள் அதுவரை கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்குத்தான் வாரத்தில் மூன்று நாள் பந்து வீசிக்கொண்டிருந்தாள். (இந்த ஆட்டத்தில் பந்துவீச்சாளரைப் பெற்ற எல்லார் முழங்காலும் அந்த வாளியை அறியும்.) வாளிக்கு வீசுகையில் அவளுக்கு எந்த மூலையும் கைக்கு எட்டும். மட்டையோடு ஓர் உருவம் வந்து நின்றதும், முதல் நாள் வீசிய பந்தெல்லாம் வெளிப்பக்கமாகவே விலகிப் போயின. அடிபட்டுவிடுமோ என்று அவள் அஞ்சியது தனக்காக அல்ல, எதிரே நின்ற குழந்தைக்காக. அந்த அச்சத்தைப் போக்க வேறு வழியில்லை. ஆள் நிற்கும்போது உள்பக்கம் வீசிப் பழகுவதுதான் மருந்து. அவ்வகையில் இந்த வகுப்பு அவளுக்கும் பயன்பட்டது என்பதை மறுக்க மாட்டேன்.

குறை எங்கே என்றால், பந்துவீச்சாளர்களுக்கென்று பாடம் எதுவும் வகுக்கப்படவில்லை. மட்டையாளர் ஒவ்வொருவருக்கும் காணொளி உண்டு, அடித்த பந்தின் வேகம் உண்டு, முறை முடிந்ததும் இரண்டு நிமிட அறிவுரை உண்டு. பந்துவீச்சாளர்களுக்குக் கிடைத்தது சுவரில் பெரிய எழுத்துகளில் ஒளிரும் வேகப் பலகை ஒன்றுதான். அந்தப் பலகை செய்த தீங்கு கொஞ்சமல்ல. சேஞ்ச்-அப் வீசினால் எண் குறைந்து காட்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முன் எண் குறைவதை 13 வயதுப் பெண் விரும்புவாளா? இரண்டாம் வாரத்தின் இறுதிக்குள் அவள் அந்தப் பந்தை அறவே விட்டுவிட்டாள். அவளுடைய மிகச்சிறந்த பந்து அதுதான். நான் எடுத்துச் சொன்னதும் பயிற்சியாளர் மறுபேச்சின்றிப் பலகையை ஒரு துண்டால் மூடினார் என்பதையும், அன்றிரவே சேஞ்ச்-அப் திரும்பி வந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆனால் அடுத்த வாரம் துண்டைக் காணவில்லை, மறுபடியும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

பெற்றோர் வரிசையும் இதற்குத் துணைபோனது. பந்து மட்டையில் பட்டுச் சத்தம் எழுந்தால் கைதட்டல். அருமையான பந்துகளில் மட்டையாளர் வெளியேறினால் அமைதி. பயிற்சியில் யாருடைய வெற்றி வெற்றியாகக் கொள்ளப்படுகிறது என்பதைக் குழந்தைகள் வெகு விரைவில் கண்டுகொள்கிறார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை கூடம் பெரும்பாலும் கறாராக இருந்தது. முகக்கம்பி வைத்த ஹெல்மெட் இல்லாமல் மட்டையாளரையும், முகக்கவசம் இல்லாமல் பந்துவீச்சாளரையும் உள்ளே விடவில்லை. பந்தை விட்டு முடிக்கும் கணத்தில் பந்துவீச்சாளர் மட்டையிலிருந்து முப்பத்தைந்து அடி தூரத்தில்தான், அதுவும் கையுறை தாழ்ந்த நிலையில் நிற்கிறார். நேரே திரும்பி வரும் அடி, அவர் வீசிய பந்தைவிட வேகமாக வரக்கூடும். கை சுழல இடம்விட்டு வெட்டிய பாதுகாப்பு வலையையும் முன்னால் வைத்திருந்தார்கள். வலை வீச்சைத் தடுக்கிறது என்று பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், இரண்டே வாரத்தில் பழகிவிட்டார்கள்.

ஒரே ஒரு நாள் நடந்த பிழையை இங்கே சொல்ல வேண்டும். 14 வயதுக்குட்பட்ட பிரிவில் பந்து வீசும் தூரம் 43 அடி. ஐந்தாம் வாரம், சின்னப் பிள்ளைகளுக்காகப் போட்டிருந்த, பந்துவீச்சாளர் கால் வைத்து வீசும் பட்டையை 40 அடியிலிருந்து பின்னே நகர்த்தாமலேயே பெரிய பந்துவீச்சாளர்களை வீசவிட்டார்கள். மூன்று அடி என்பது காகிதத்தில் அற்பம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 100-இல் 4 பங்கு நொடி. அரை நொடிக்குள் முடிந்துவிடும் ஆட்டத்தில் அந்த வேறுபாடு சிறிதன்று. அன்று மட்டையாளர்கள் ஒவ்வொருவராகத் தோற்றுத் திரும்ப, யாருடைய கையில் கோளாறு என்று அரை மணி நேரம் ஆராய்ந்த பிறகுதான் ஒருவர் அளவுநாடாவை எடுத்து வந்தார்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது கடைசி அரை மணி. ஆறு மட்டையாளர்களுக்கு மூன்று பந்துவீச்சாளர்கள் என்பது விளம்பரத்தில் சொன்ன கணக்கு. எட்டு வாரங்களில் மூன்று முறை இருவர்தான் வந்தார்கள். அந்நாள்களில் மட்டையாளர்களின் முறையைக் குறைக்காமல் பந்துவீச்சாளர்களின் பந்துகளைக் கூட்டினார்கள். கீழிருந்து வீசுவது இயற்கையான அசைவு, எவ்வளவு வீசினாலும் தோளுக்குக் கெடுதியில்லை என்ற பழைய நம்பிக்கை இந்த ஆட்டத்தில் வேரூன்றியது. சுழற்றி வீசும்போது தோளில் விழும் விசை, மேலிருந்து எறிபவர்களின் தோளில் விழுவதற்கு ஏறக்குறைய நிகரானது என்று உடலியக்க ஆய்வுகள் காட்டிவிட்ட பின்பும் அந்த நம்பிக்கை மங்கவில்லை. எத்தனை பந்து வீசினாள் என்று கூடத்தில் யாரும் எண்ணவில்லை, நான் எண்ணினேன். ஆறாம் வாரம் 112. கடைசி முப்பது பந்துகளில் அவளுடைய முன்கால் தரையில் விழும் இடம் ஒவ்வொன்றிலும் மாறியது. களைத்த பந்துவீச்சாளரின் பந்தை அடிப்பதால் மட்டையாளருக்கும் பெரிதாக ஒன்றும் கிட்டுவதில்லை. அது விலை கூடிய இயந்திரமாகிவிடுகிறது, அவ்வளவுதான். இரு தரப்பிடமும் ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு தரப்பை மற்றதற்குக் கருவியாக்குவது முறையாகாது என்று எழுத்திலேயே தெரிவித்தேன்.

கேட்சரைப் பற்றியும் ஒரு சொல். முதல் நான்கு வாரங்கள் கூடமே ஒரு கேட்சரை அமர்த்தியிருந்தது; பிறகு வந்திருந்த பிள்ளைகளையே மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். எந்தப் பந்து வேண்டும் என்று சைகை செய்யத் தெரியாதவர் உட்கார்ந்தால், பந்துவீச்சாளர் தனக்குத் தோன்றியதை வீசுவார், ஆட்டத்தின் சூழ்ச்சி பாதி போய்விடும்.

அடுத்த சுற்றுக்கு இளையவளின் பெயரைத் தயக்கமின்றிக் கொடுத்துவிட்டேன். மட்டை பிடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், குறிப்பாக இயந்திரத்தின் முன் அடித்துத் தள்ளிவிட்டு ஆட்டத்தில் திணறும் பிள்ளை என்றால், இந்த வகுப்பு ஏற்றது. மூத்தவளுக்காக மூன்று நிபந்தனைகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ஒரு மாலைக்கு 60 பந்துகளுக்கு மேல் கூடாது, வேகப் பலகை மூடியே இருக்க வேண்டும், மட்டையாளர்களுக்குத் தரும் அதே இரண்டு நிமிட அறிவுரை அவளுக்கும் வேண்டும். முதல் இரண்டுக்கும் தலைமைப் பயிற்சியாளர் சரி என்றார். மூன்றாவதற்கு, பந்துவீச்சு அறிந்த பயிற்சியாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்து சேரும்வரை மூத்தவளின் விண்ணப்பத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.